பஸ்ஸில் வரும் ப

அண்ணே,

தேக்கா சந்தையில் யாரோ ஒரு பெட்டியைத் திறந்தார்கள். அவ்வளவுதான். முறுக்கும் பாச்சா உருண்டையும் மடிப்புக் கலையாத புதுத் துணியும் சேர்ந்து ஊரிலிருந்து வரும் பெட்டிக்கென்றே ஒரு வாசனை இருக்கிறதே, அது கடைகளின் முன்னே ஓடும் அஞ்சடி நடைபாதை முழுக்கப் பரவியது.  கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் மாத்திரைகளும் இந்த வாசனையோடுதான் வந்து சேர்ந்தன. அட்டையை மூக்கருகே கொண்டுபோய், "மருந்துகூட நம்ம ஊர் பலகாரம் மாதிரி மணக்குது பாரு" என்று சிரித்தீர்கள்.

உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? நான் கறிவேப்பிலை வாங்கப் போகவில்லை. குருவியைப் பார்க்கத்தான் போனேன். திருச்சிக்கும் சிங்கப்பூருக்குமாகப் பறந்து பறந்து பிறத்தியார் சாமான்களைச் சுமக்கிறவர்களை நாம் அப்படித்தானே கூப்பிடுகிறோம். உங்களுக்குக் கொண்டுவந்த ஆள் இல்லை, இவர் வேறு ஆள், நல்ல மாதிரி. பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டே, "மருந்து பேரு சொல்லுங்கக்கா, கடைக்கு மெசேஜ் போட்டுடுறேன். அடுத்த வாரம் உங்க கையில இருக்கும்" என்றார். கைப்பேசியை எடுத்துக் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். பேர் வரவில்லை. "அப்புறம் சொல்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். அப்படியே பிடோக்கில் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இப்போது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். சோறு இன்னும் வடிக்கவில்லை.

உங்களுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது, அண்ணே. போன மாதம் கண்டுபிடித்தார்கள். இதயம் ஒழுங்காக அடிக்கவில்லையாம், தாளம் தப்பித் தப்பி அடிக்கிறதாம். இப்படியே விட்டால் ரத்தம் உள்ளே கட்டி மூளைக்குப் போய்விடுமாம். டாக்டர் அதைச் சொன்னபோது நான் பயப்படவில்லை. அதுதான் உங்களுக்கும் சொன்னார்களே, எனக்குத் தெரிந்த கதைதானே என்று உட்கார்ந்திருந்தேன். மருந்துக் கவுண்டரில் பெட்டியைக் கையில் கொடுத்தபோதுதான் பெயரைப் பார்த்தேன். உங்கள் மாத்திரை. அதே பெயர். என் கை அதை வாங்கிக்கொண்டது, நான் வாங்கவில்லை.

கவுண்டரில் இருந்தது நம்ம தமிழ்ப் பொண்ணுதான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆண்ட்டி, இது மானியம் இல்லாத மருந்து. ஓகேவா?" என்று கேட்டது. ஓகேவா என்றால் என்ன பதில் சொல்வது? ஓகே இல்லையென்றால் வேறு விலை சொல்வார்களா? அந்தப் பிள்ளையின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை என்று தெரியும். இருந்தாலும் முறைத்துவிட்டுத்தான் வந்தேன்.

நீங்கள் முதல்முறை அதே கவுண்டரில் நின்றது நினைவிருக்கிறதா? அண்ணிக்கு ஆங்கிலம் வராது, உங்களுக்கு வரும் ஆனால் வீம்புக்குப் பேசமாட்டீர்கள் என்பதால், ஒரே அடுக்குமாடி புளோக்கில் இருக்கிற கூடப் பிறக்காத தங்கச்சி என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். பழைய மாத்திரை உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இந்தப் புது மாத்திரைதான் சரி என்று டாக்டர் எழுதியிருந்தார். விலையைச் சொன்னதும் நீங்கள் அசையவில்லை. பணம் வாங்கும் சீனப் பெண்ணைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டீர்கள்: "டாக்சியில ஏறினா மீட்டர் இருக்கு. நான் ஓட்டுற பஸ்ஸுல அட்டையத் தட்டினா எவ்வளவு பிடிக்கும்னு சட்டம் இருக்கு. மருந்துக்கு மட்டும் ஏன்மா மீட்டர் இல்ல?" அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பின்னால் வரிசையே என்னைப் பார்த்தது. மொழிபெயர்க்கச் சொல்லி முழங்கையால் என்னை இடித்தீர்கள். எனக்கு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அவள் கேட்டுவிட்டு, "அங்கிள் வெரி ஃபன்னி லா" என்று சொல்லி ரசீதை நீட்டினாள்.

அன்று பிடித்தது உங்களுக்குச் சட்டப் பைத்தியம். ஆஸ்பத்திரி ஒரு மருந்தை வாங்குகிற விலைக்கு மேல் இவ்வளவுதான் வைத்து விற்கலாம், படுக்கையில் சேராமல் வந்து வாங்கிப் போகிறவர்களிடம் அதற்கு மேல் வாங்கக்கூடாது என்று ஒரு சட்டம். "ஒரே ஒரு வரி போதும், தங்கச்சி. அதை எழுதுறதுக்கு என்ன கஷ்டம்?" லிஃப்டில் ஏறினால் அதே பேச்சு. காத்தோங் கோயில் பந்தியில் சாம்பாருக்கு இலையை நீட்டிக்கொண்டே அதே பேச்சு. புளோக் கீழே காப்பிக்கடையில் பாலும் சீனியும் போடாத தே ஓ தேநீர் ஆறிப்போகும் வரை அதே பேச்சு. தொகுதி உறுப்பினரை மக்கள் சந்திக்கிற அன்று வரிசையில் நின்று அவரிடமும் சொன்னீர்கள். அவர் பொறுமையாகக் கேட்டார், மேலே சொல்கிறேன் என்றார். நீங்கள் திரும்பி வந்து, "சட்டம் வர்றதுக்குள்ள நான் டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்துருவேன் போல" என்றீர்கள். அண்ணி முறைத்தார்கள். உங்களுக்குப் பயமே கிடையாது. உங்களிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் அதுதான்.

பயமில்லாத ஆள் என்பதால்தான் குருவியைப் பிடித்தீர்கள். பணம் இல்லாமல் இல்லை. நியாயம் இல்லாத விலையைக் கொடுக்க மனசு வரவில்லை. "ஊர்ல இதே மருந்து கால்வாசி விலைக்கு விக்கிறான், நான் ஏன் இங்க அழணும்?" என்றீர்கள். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். இந்தப் புளோக்கில் ஊர் மருந்து போடாத வீடு எது? ரத்த அழுத்தத்துக்கு, சர்க்கரைக்கு, முட்டி வலிக்கு என்று பாதிப் பேருக்கு மருந்து முறுக்கோடுதானே வருகிறது.

நீங்கள் கைப்பேசியில் தமிழைத் தவிர வேறெதிலும் எழுதமாட்டீர்கள். எங்கள் எல்லாருக்கும் அது கேலிதான். நான் "ஓகே" என்று அனுப்பினால் நீங்கள் "ஆகட்டும்" என்று பதில் அனுப்புவீர்கள். நாங்கள் எச்டிபி என்கிற அரசாங்க வீட்டுக் கழகத்துக்கு வீவக, கார்பார்க்குக்கு வாகன நிறுத்தம். அதே பழக்கத்தில் மருந்தின் பெயரையும் தமிழில் அடித்துக் குருவிக்கு அனுப்பினீர்கள். படிகோல். எனக்கும் காட்டினீர்கள். "பாத்தியா, வெள்ளைக்காரன் மருந்துக்குத் தமிழ்ப் பேரு! படி, கோல், ரெண்டும் நம்ம சொல்லு லா!" குருவி அதை அப்படியே திருச்சிக் கடைக்குத் தள்ளிவிட்டார். கடையில் ஒருவர் வாசித்துப் பார்த்து அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கட்டிக் கொடுத்தார்.

நம் எழுத்தில் படத்தில் வரும் ப-வும் பஸ்ஸில் வரும் ப-வும் ஒன்றுதான், அண்ணே. ஒலி வேறு, எழுத்து ஒன்று. பழகின சொல் என்றால் எங்கே எப்படி ஒலிக்க வேண்டும் என்று நம் வாய்க்கே தெரியும். புது மருந்தின் பெயர் யார் வாய்க்குத் தெரியும்? உங்கள் மாத்திரை படத்தில் வரும் ப. திருச்சிக் கடைக்காரருக்குத் தெரிந்த மாத்திரை பஸ்ஸில் வரும் ப. அதுவும் ஒரு மருந்துதான், அங்கே நிறையப் பேர் வாங்குகிற மருந்துதான். வயிற்றுப் பிடிப்புக்குக் கொடுப்பது. ரத்தம் கட்டுவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் வேளை தவறாமல் அதைப் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அன்று காலை காப்பிக்கடையில்தான் நடந்தது. நான் ரொட்டி வாங்க இறங்கியிருந்தேன். நீங்கள் எதிர் மேசையில் இருந்து என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினீர்கள். கை பாதியில் நின்றது. ஏதோ சொன்னீர்கள். ஆகட்டும் என்று ஒரு சொல்லைக்கூட அப்படி அழுத்தி, எழுத்தெழுத்தாகச் சொல்கிற மனிதர் நீங்கள். உங்கள் வாயிலிருந்து குழைந்த சோறு மாதிரி ஒரு சத்தம் வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் மறுபடியும் சொல்லிப் பார்த்தீர்கள். எனக்குப் புரியவில்லை என்பது உங்களுக்குப் புரிந்தது. அந்த நேரம்தான் உங்கள் கண்ணில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். இன்றுவரை அது என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டதும் அண்ணி பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். "ஒரு வேளைகூட விட்டதில்லன்னு சொல்லும்மா" என்று என்னிடம் சொன்னார்கள். டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார், இவருக்கு வயிற்றில் ஏதாவது கோளாறா என்று. நான் அண்ணியிடம் கேட்டேன். அண்ணிக்கு அதற்குள் ஏதோ உறைத்துவிட்டது. 

"மொத எழுத்து வேற மாதிரி இருந்துச்சும்மா. கலரும் வேற. நான் கேட்டேன். அவருதான் சொன்னாரு. 'எங்கப்பா தண்டபாணி பேர என் அடையாள அட்டையில ஒரு மாதிரி எழுதியிருக்கான், என் தம்பி அட்டையில வேற மாதிரி எழுதியிருக்கான். அதுக்காக எங்களுக்கு ரெண்டு அப்பனா? ஊர்ல ஸ்பெல்லிங் இப்படித்தான் போடுவான், நீ பயப்படாத'ன்னாரு. நானும் சிரிச்சுட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, அண்ணே? இங்கே பிறந்து வளர்ந்த தமிழர் யாரைக் கேட்டாலும் புரியும். ஒரே பெயரை ஒரே வீட்டில் ஆளுக்கொரு விதமாய் எழுதித்தானே நாம் எல்லாரும் வளர்ந்தோம். என் பள்ளிச் சான்றிதழில் என் பெயர் ஒரு மாதிரி, வீட்டுப் பத்திரத்தில் வேறு மாதிரி. ஆங்கிலத்தில் எழுத்து மாறியிருந்தால் நாம் சந்தேகப்படுவதே இல்லை. அது நம் பெயர்களுக்குச் சரி. மருந்துக்கு அது சரியில்லை என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தமட்டும் சொன்னேன். டாக்டர் தலையை அசைத்தார். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

நீங்கள் கண் திறக்காமலேயே போய்விட்டீர்கள்.

புளோக் கீழே உங்களை வைத்திருந்தபோது உங்களோடு பஸ் ஓட்டின ஒருவர், "தமிழ் தமிழ்னு இருந்தாரு. கடைசில அந்தத் தமிழே ஆளக் கொன்னுருச்சு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. "தமிழா அவரக் குருவிகிட்ட அனுப்புச்சு? வெலைதான அனுப்புச்சு! வாய மூடிக்கிட்டு காப்பியக் குடிங்க" என்று சத்தம் போட்டுவிட்டேன். சாவு வீட்டில் ஒரு பொம்பளை இப்படிக் கத்துகிறாளே என்று எல்லாரும் திரும்பினார்கள். நீங்கள் இருந்திருந்தால் கை தட்டியிருப்பீர்கள்.

அப்படியெல்லாம் கத்தினவள்தான் இன்று காலை தேக்காவில் குருவியின் முன்னால் நின்றேன். மகள், "மருந்துப் பணம் நான் கொடுக்கிறேன் அம்மா" என்கிறாள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன். மாதாமாதம் அவள் முகத்தைப் பார்த்து மருந்துக்குக் கை நீட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நாலாவது மாடி மாமி ஒரு வழி சொன்னார். "ஒருநாள் விட்டு ஒருநாள் போடு, ஒரு பெட்டி ரெண்டு மாசம் வரும். நான் அப்படித்தான் செய்யுறேன், ஒண்ணும் ஆகல." கவுண்டர் பொண்ணிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அந்தப் பிள்ளை பதறிவிட்டது. "ஐயோ ஆண்ட்டி, இத நடுவுல விடவே கூடாது. விட்டீங்கன்னா ஸ்ட்ரோக் ரிஸ்க் லா." மாமியிடம் போய்ச் சொன்னேன். மாமி நம்பவில்லை. அவரை லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் அவர் வாயைத்தான் பார்க்கிறேன், கோணுகிறதா என்று.

உங்கள் சட்டத்தைப் பற்றி ஒரு சேதி சொல்ல வேண்டும். நம் சமூக மன்றத்தில் மருத்துவச் செலவு பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சட்டம் வருகிறது என்று யாரும் சொல்லவில்லை, உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். குடியிருப்பாளர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கத்தான். ஒரு சீனப் பெரியவர் எழுந்து, அமெரிக்காவில் சில இடங்களில் ஆஸ்பத்திரி மருந்து விலைக்குச் சட்டம் போட்டு வரம்பு வைக்கிறார்களாமே, இங்கே ஏன் கூடாது என்று கேட்டார். நீங்கள் கேட்ட அதே கேள்வி. 

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி நம்ம பையன்தான், தமிழ் பேசுபவர்களுக்கு மொழிபெயர்க்க வந்தவர். மேடையில் சொன்ன பதிலை எனக்குத் தமிழில் சொன்னார். "லிமிட் போட்டா வெலை குறையும் ஆண்ட்டி. ஆனா சில மருந்துல லாபமில்லன்னு ஆஸ்பத்திரி வாங்கி வைக்காமலே விட்டுட்டா? அதையும் யோசிக்கணும்ல?" அதுவரை எனக்கு இருந்தது ஒரு பயம். அந்த நிமிஷம் இரண்டாகிவிட்டது. இப்போது விலை எட்டாத இடத்தில் இருக்கிறது, ஆனால் மருந்து இருக்கிறது. நாளைக்கு விலை எட்டுகிற இடத்துக்கு வந்து மருந்து இல்லாமல் போனால் நான் யாரிடம் போவேன்? நீங்கள் இருந்திருந்தால் ஒரு பதில் வைத்திருப்பீர்கள். வாங்கி வைக்கவேண்டும் என்றும் அதே சட்டத்தில் இன்னொரு வரி எழுது என்பீர்கள். எனக்கு அப்படிப் பட்டென்று பேச வராது. ஆனாலும் கையைத் தூக்கினேன், அண்ணே.  மைக்கை என் முன்னால் கொண்டுவந்து நீட்டினார்கள்.

உங்கள் கதையைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஒரே எழுத்தில் இரண்டு மருந்து எப்படி ஆனது என்று சொன்னேன்.  தமிழ் தெரிந்த ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கும் மருந்து அட்டைகளை மனசுக்குள் வாசித்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. கடைசியாக, "சட்டம் வரட்டும், வராம போகட்டும். அதுவரைக்கும் நான் எதத் தம்பி முழுங்குறது?" என்று கேட்டேன். அதை மொழிபெயர்த்ததும் சிலர் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. மேடையில் இருந்தவர் நல்ல கேள்வி என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். அதற்குப் பதில் இன்னும் எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் கொடுத்தது இன்னும் கொஞ்ச நாளைக்கு வரும். தீர்ந்ததும் அதே கவுண்டருக்குத்தான் போவேன் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கும் இதையே சொல்வேனா என்று தெரியவில்லை. குருவியின் எண் என் கைப்பேசியில் இருக்கிறது. அழிக்க முடியவில்லை. என்னை நீங்கள் திட்டவும் மாட்டீர்கள், தடுக்கவும் மாட்டீர்கள் என்பதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் செய்கிறேன். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன். சரியான மாத்திரைதான், பெட்டியில் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். இருந்தாலும் பயம் போவதில்லை. அப்போது வாய்விட்டு ஒரு பெயரைச் சொல்லிப் பார்ப்பேன், நாக்கு குழறுகிறதா என்று. என் பெயர் இதற்கு உதவாது, அது தூக்கத்தில்கூடத் தானாக வரும். உங்கள் பெயரைத்தான் சொல்கிறேன், அண்ணே, உங்கள் அப்பா பெயரையும் சேர்த்து முழுசாக. அதில் ழகரம் இருக்கிறது, ணகரம் இருக்கிறது. எங்கே பிசகினாலும் உடனே தெரிந்துவிடும். ஒருநாள் மகள் கேட்டுவிட்டு, "என்னம்மா, மந்திரமா சொல்ற?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலையும் ஓர் எழுத்து பிசகாமல் வந்தது. நாளைக் காலையும் வரவேண்டும்.